மறு: செஷன் ரிசம்ப்ஷன் – ‘அமர்வு மீட்பு’ வேண்டாமே

வணக்கம் நண்பர்களே, டிஎல்எஸ் (உலாவிக்கும் வழங்கிக்கும் இடையிலான தொடர்பை மறையாக்கும் நெறிமுறை) பற்றிய நம் கையேட்டில் ‘செஷன் ரிசம்ப்ஷன்’ என்பதற்கு வைக்கும் தமிழ்ச் சொல் பற்றி.

> ‘அமர்வு மீட்பு’ என்றே வைத்துவிடலாம், எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் மீட்பு என்றதும் ஏதோ கெட்டுப்போய்ச் சரிசெய்கிறோம் என்று தோன்றும். இங்கே எதுவும் கெடவில்லை. முன்பு வந்துபோன உலாவி திரும்ப வருகிறது. பழைய ரகசியத்தைக் காட்டி, முழுக் கைகுலுக்கலை (இருவரும் தொடக்கத்தில் சான்றிதழ் பார்த்துத் திறவுகோலை முடிவுசெய்வதை) தவிர்க்கிறது, அவ்வளவே.

இதனால் வழங்கிக்கு (சர்வருக்கு) என்ன மிச்சம் என்று பாருங்கள். தரவை மறையாக்குவது இன்று பெரிய செலவில்லை. 2010 வாக்கில் இன்டெல் சில்லுகளில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கென்றே தனிக் கட்டளைகள் வந்துவிட்டன. பாரமெல்லாம் தொடக்கத்தில்தான். 2048 பிட் ஆர்எஸ்ஏ (ஒரு பொதுத் திறவுகோல் முறை) சான்றிதழ் என்றால், ஒவ்வொரு முழுக் கைகுலுக்கலுக்கும் வழங்கி தன் தனித் திறவுகோலால் ஒரு கனமான கணக்கைப் போட வேண்டும் (நீள்வட்ட வளைவுத் திறவுகோலுக்கு மாறினால் இது நன்றாகவே குறையும்). பழைய அமர்வு கையில் இருந்தால் இந்தக் கணக்கும் இல்லை, சான்றிதழை அனுப்பும் வேலையும் இல்லை. டிஎல்எஸ் 1.2 என்றால் செய்தி போய்த் திரும்பும் இரண்டு சுற்றுக் காத்திருப்பு ஒன்றாகவும் குறைகிறது.

> ‘மறுஇணைப்பு’ பொருந்தாதா?

பொருந்தாது. டிசிபி இணைப்பு (டிஎல்எஸ்ஸுக்கு அடியில் இருக்கும் வலை இணைப்பு) புதிதாகத்தான் போடப்படுகிறது. தொடர்வது அமர்வு மட்டும். அதனால் என் பரிந்துரை ‘அமர்வுத் தொடர்வு’.

இதோடு ‘செஷன் டிக்கெட்’டையும் ‘அமர்வுச் சீட்டு’ என்று முடித்துவிடலாம். அமர்வு விவரத்தை வழங்கி பூட்டி உலாவியிடமே கொடுத்துவிடுகிறது. தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல வழங்கிகள் இருந்தால், சீட்டைத் திறக்கும் சாவி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு வேறு வழங்கியிடம் போய்ச் சேரும்போது செல்லாது. மறுபடி முழுக் கைகுலுக்கல்தான். வேகம் ஏன் கூடவில்லை என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அப்புறம், ‘ஜீரோ ரவுண்ட் ட்ரிப்’புக்குச் சொன்ன ‘சுழியச் சுற்றுப்பயணம்’! சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3-இல், கைகுலுக்கல் முடியும் முன்பே அனுப்பும் தரவுக்கு ‘முந்துதரவு’ போதும். இடையில் பிடித்தவர் அதை அப்படியே மறுபடி அனுப்ப முடியும் என்பதால், பணம் செலுத்தும் கோரிக்கைகளுக்கு இது ஆகாது. விளக்கக் குறிப்பில் அதையும் சேர்க்க வேண்டும்.

‘தொடர்வு’க்கு எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் கையேட்டு வரைவில் மாற்றிவிடுகிறேன்.