நாளைய மழை இன்றே எப்படித் தெரிகிறது? ஆறாம் வகுப்பு மாணவியின் மூன்று கேள்விகள்

மொட்டைமாடி (கேள்வி)

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் மழை வரும் என்று பள்ளி விளையாட்டு விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கைப்பேசியில் "மழைக்கு 60%" என்றிருந்தது. அன்று ஒரு சொட்டுகூட விழவில்லை. ஓட்டப் பந்தயத்துக்காக ஒரு மாதம் பயிற்சி எடுத்தவள், நாள் முழுக்க ஜன்னலோரம் நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மூன்று கேள்விகளோடு வந்தாள். நாளை நடக்கப்போவது இன்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? 60% என்றவர்கள் சொன்னது பொய்யா, உண்மையா? கிரகணத்தை நிமிடம் பிசகாமல் சொல்கிறவர்களால் மழையை ஏன் அப்படிச் சொல்ல முடியவில்லை?

"செயற்கைக்கோள் படம் எடுத்து அனுப்புகிறது" என்று சமாளித்தேன். "படம் இப்போது இருப்பதைத்தானே காட்டும்?" என்றாள். அத்தோடு என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவளுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்களேன்.

குடைக்காரன்

மழை என்று அறிவித்தால் குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். முட்டையைத் தூக்கிக்கொண்டு எறும்பு மேட்டில் ஏறினால் மழை என்பார்கள். நான் எறும்பு கட்சி.

பழைய நோக்கர்

முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு வானிலை நிலையத்தில் நோக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். குடைக்காரரே, எறும்பிடம் வரும் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அம்மா, "படம் இப்போது இருப்பதைத்தானே காட்டும்" என்று உங்கள் மகள் கேட்டாளே, அவள் தொட்டது சரியான இடம். நாளையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நிமிடம் காற்று எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று அளக்கிறோம். பிறகு கணக்குப் போடுகிறோம். சிரமம் பெரும்பாலும் அளப்பதில்தான்.

என் நாள் இப்படித்தான் போகும். வெயில் நேரே படாமல் காற்று மட்டும் புகுந்து வெளியேறும் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருப்போம். நீர் ஆவியாகும்போது அது குளிர்ந்து குறைந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் காற்று வறண்டிருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் காற்றில் இனி நீராவிக்கு இடமில்லை. அடுத்து காற்றழுத்தமானி, மழைமானி, காற்றின் திசை, வேகம். கடைசியாகத் தலையைத் தூக்கி, வானத்தை எட்டுப் பங்காக நினைத்து அதில் எத்தனை பங்கு மேகம் என்று எழுத வேண்டும். அமாவாசை இரவில் அதைச் சொல்லிப் பாருங்கள். நட்சத்திரம் தெரியாத இடமெல்லாம் மேகம் என்று கணக்கு.

தரையை அளந்தால் மட்டும் போதாது, மழை உருவாவது மேலே. அதனால் பலூன் விடுவோம். அடியில் கையில் அடங்கும் ஒரு கருவி தொங்கும். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறிக்கொண்டே வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் வானொலி அலையில் அனுப்பும். மேலே போகப்போக வெளியழுத்தம் குறைவதால் பலூன் ஊதிக்கொண்டே போய், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும். உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் இதை ஒரே வேளையில் செய்கின்றன, உலக நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும். எனக்கு அதில்தான் இன்னமும் பெருமை. அரசியலில் முகம் கொடுத்துப் பேசாத நாடுகளும் அந்த எண்களைப் பகிர்ந்துகொள்கின்றன.

கப்பல், மிதவை, ரேடார், விமானம், செயற்கைக்கோள் எல்லாமும் எண்கள் அனுப்பும். 2020-இல் நோய்த்தொற்றால் விமானங்கள் நின்றபோது அவற்றிலிருந்து வரும் அளவீடுகள் முக்கால் பங்கு வரை குறைந்துபோயின.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், தூக்கக் கலக்கத்தில் காற்றழுத்தத்தை 1006.4 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பதற்குப் பதில் 996.4 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அரை மணியில் தொலைபேசி அடித்தது. "உங்கள் நிலையத்தின் தலைக்கு மேல் மட்டும் ஒரு புயல் நிற்கிறதாமே?" என்றார் மேலதிகாரி. சுற்றியிருந்த நிலையங்களோடு என் எண் ஒத்துப்போகவில்லை. இப்போது இந்தச் சரிபார்ப்பைக் கணினியே செய்கிறது. சில மணி நேரத்துக்கு முன் போட்ட கணக்கு "இப்போது" எப்படி இருக்கும் என்று சொன்னதை எடுத்துக்கொண்டு, வந்துசேர்ந்த அளவீடுகளால் அதைத் திருத்தும். அளவீடே இல்லாத நடுக்கடலுக்கும் ஓர் எண் கிடைப்பது அப்படித்தான்.

பிறகு கணக்கு. பூமியைச் சுற்றியுள்ள காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். உலகம் முழுவதற்குமான நல்ல கணினி மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் 9 கிலோமீட்டர் அளவில் இருக்கும். உயரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகள். அழுத்தம் மிகுந்த கட்டத்திலிருந்து குறைந்த கட்டத்துக்குக் காற்று நகரப் பார்க்கும், பூமி சுழல்வதால் வழியில் வளையும். ஈரக் காற்று மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகமாகும். இந்த விதிகளை வைத்துச் சில நிமிடங்களுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டமும் எப்படி இருக்கும் என்று கணக்கிடுவார்கள். அந்த விடையிலிருந்து அடுத்த சில நிமிடங்கள். இப்படியே பத்து நாள். ஆனால் ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான், கட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பக்கத்துத் தெரு நனைந்து உங்கள் தெரு காய்ந்து கிடப்பது அதனால்தான்.

60% பற்றி: ஒரே கணக்கைத் தொடக்க எண்களில் மட்டும் சிறு மாற்றம் செய்து ஐம்பது தடவை போடுவார்கள். முப்பதில் மழை வந்தால் 60% என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இன்னும் சில திருத்தங்கள் உண்டு, ஆறாம் வகுப்புக்கு இது போதும். அப்படிச் சொன்ன நூறு நாட்களில் நாற்பது நாள் காய்ந்திருக்கத்தான் வேண்டும். நூறிலும் மழை பெய்தால்தான் முன்னறிவிப்பில் கோளாறு.

கணக்கு டீச்சர்

கிரகணக் கேள்வி என் பங்கு. சூரியன், பூமி, நிலவு என்று மூன்று பேருடைய ஓட்டத்தைக் கணக்கிட்டால் கிரகணம் வந்துவிடும். அதில் இன்று நேரும் சிறு பிழை நாளையும் கிட்டத்தட்ட சிறிதாகவே இருக்கும். காற்றில் அப்படி இல்லை, பிழை குட்டி போடும்.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் இந்த வானிலைக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். 1910 மே 20-ஆம் நாளின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில், ஆறு மணி நேர முன்னறிவிப்புக்காகப் பல வாரம் உழைத்தார். கைப்பிரதி போரில் தொலைந்து, பல மாதம் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு வந்த விடை: காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும்! உண்மையில் அன்று அது அசையவே இல்லை என்றே சொல்லலாம். அந்தத் தோல்வியை 1922-இல் அப்படியே புத்தகமாக அச்சிட்டார். என் மாணவர்களுக்கு நான் அவரைக் காட்டுவது அதற்காகத்தான். தொடக்க எண்களில் இருந்த சிறு முரண்பாடுகளைச் சமன்செய்துவிட்டு அதே முறையில் போட்டால் சரியான விடை வருகிறது என்று பிற்காலத்தில் காட்டிவிட்டார்கள்.

1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால் முற்றிலும் வேறொரு வானிலை ஓடிக்கொண்டிருந்தது.

மகளிடம் கால்குலேட்டரைக் கொடுங்கள். ஓர் எண், 1-லிருந்து அதைக் கழித்தால் வருவது இன்னொன்று. இரண்டையும் பெருக்கி, விடையை 4-ஆல் பெருக்க வேண்டும். வந்ததை வைத்து மறுபடி அதையே. ஒரு தாளில் 0.3-இல் தொடங்கட்டும், இன்னொரு தாளில் 0.301-இல். பத்து தடவை.

மொட்டைமாடி

டீச்சர், போட்டுவிட்டாள். ஐந்தாவது வரை இரண்டு தாளும் ஒட்டியே வந்தன. எட்டாவதில் விலகிவிட்டன. பத்தாவதில் ஒன்று 0.04, மற்றது 0.62. நான்தான் தப்பாக அழுத்திவிட்டேன் என்று என் மீது பழி போட்டு மறுபடி போட்டாள், அதே விடை. எத்தனை நாள் வரை நம்பலாம் என்பது அடுத்த கேள்வி.

பழைய நோக்கர்

மூன்று நாள் வரை தைரியமாக. ஐந்தாம் நாள் பரவாயில்லை. ஏழுக்கு மேல் போக்கு மட்டும் பார்க்கலாம். சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் குறிப்பிட்ட ஒரு நாளின் மழையைச் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு மழை என்று கைப்பேசியில் குட்டிக் குடை போட்டுக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குடைக்காரன்

இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பத்து நாளைச் சொல்லிவிடுகிறதாமே? உங்கள் பலூனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா?

பழைய நோக்கர்

சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. பல பத்தாண்டுகளின் பழைய வானிலையைப் படித்துப் பழகியது. ஆனால் அதுவும் கேட்கும் முதல் கேள்வி, "இப்போது காற்று எப்படி இருக்கிறது?" பலூனைக் கட்டி வைத்துவிட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

மொட்டைமாடி

மகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். இரவில் சதவீதத்தை எழுதுகிறாள், மறுநாள் மழை உண்டா இல்லையா என்று குறிக்கிறாள். இதுவரை 60% வந்த நாட்கள் இரண்டு, இரண்டிலும் மழை. விளையாட்டு விழா நாளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, அது நோட்டுப் போடுவதற்கு முன்னால்தானே என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள், ஐயா.

பழைய நோக்கர்

என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று இரண்டும் தெரியுமல்லவா? சேர்க்கச் சொல்லுங்கள். முதல் வரியாக.