புதிய ஒட்டுக்கத்தியின் பிடியில் விரிசல்: திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

காவேரிப்பட்டணம் நாற்றங்கால்:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் சிறிய அளவில் மாங்கன்று நாற்றங்கால் நடத்தி வருகிறேன். ஒட்டுக் கட்டுவதற்கென்றே ஒரு மடக்குக்கத்தியை இணையத்தில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். கார்பன் எஃகு அலகு, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த வாய், இருபுறமும் ஈட்டி மரப் பிடி, மரத்துக்கு உள்ளே பித்தளைத் தகடு, மூன்று ரிவிட்டுகள் என்ற அமைப்பு. அலகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பிடியை வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, அலகு மடங்கும் முனையில் உள்ள ரிவிட்டிலிருந்து மயிரிழை போன்ற ஒரு விரிசல் மரத்தின் ரேகையோடு ஓடுவது தெரிந்தது. நகத்தால் வருடினால் தட்டுப்படுகிறது. அதே பக்கத்தில், பிடியின் பின்கோடியில், மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளியும் இருக்கிறது.

திருப்பி அனுப்புவதற்கான கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. அடியில் நின்று ஒட்டைத் தாங்கப்போகும் வேர்ச்செடிகளோ பென்சில் பருமனுக்கு வந்துவிட்டன. செந்தூரா, பெங்களூரா ஆகிய மா ரகங்களுக்கு, வேர்ச்செடியின் மேல் வைத்துக் கட்டும் ஒட்டுக்குச்சி தயாராக இருக்கிறது. ஆடி மழை ஈரம் இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். கத்தியை அனுப்பிவிட்டால் மாற்று வரும்வரை கை கட்டி உட்கார நேரிடும் என்பது ஒரு கவலை. மாற்றாக வருவதன் அலகு இந்த அளவுக்கு நன்றாக இருக்குமா என்பது இன்னொரு கவலை. விரிசலில் ஃபெவிக்விக் விட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இதுவரை கத்தியால் எதையும் வெட்டவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர் கத்திப்பிரியன்:

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள்: ஃபெவிக்விக் பாட்டிலைத் தொடாதீர்கள். அந்தப் பசை தண்ணீரைப் போல மெல்லியது. விரிசலில் விட்டது அங்கேயே நிற்காமல் ரிவிட் துளை வழியாக அலகு மடங்கும் மூட்டுக்குள் இறங்கிவிட்டால், கத்தியைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். அதைவிட முக்கியமாக, பசை பட்ட பொருளை வாங்குபவரே பழுது பார்த்துக் கெடுத்துவிட்டார் என்று விற்பனையாளர் சொல்வதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும்.

அடுத்ததாக, நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே தரத்தவை அல்ல. பின்கோடியில் உள்ள இடைவெளி, ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காததாலோ மரம் சற்று வளைந்ததாலோ வருவது; அதற்குள் மாம்பாலும் ஈரமும் புகுந்து அழுக்குச் சேருமே தவிர, கத்தி கையை விட்டுப் போகாது. அது மட்டும் இருந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். விரிசலின் கதை வேறு. ரிவிட்டின் தலையைச் சுத்தியால் தட்டிப் பரத்தும்போது ஆணியின் உடலும் சற்றே பருக்கிறது. துளை இறுக்கமாக இருந்தாலோ மரம் நன்றாக உலராமல் இருந்தாலோ, அந்த நெருக்குதல் மரத்தை ரேகை வழியே பிளக்கிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, ரேகைக்குக் குறுக்காகத்தான் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்குகிறது; ஆகவே உங்கள் நாற்றங்காலில் காலையில் ஈரக் கையும் மதியம் வெயிலுமாகப் புழங்கும் பிடியில், ஒரு முறை தொடங்கிய விரிசல் மேலும் நீள்வதற்கே வாய்ப்பு அதிகம்.

முடிவு செய்யும் முன் இவற்றைப் பாருங்கள். கத்தியை முழுவதும் திறந்து, அலகின் முதுகைத் துணியால் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள். மூட்டில் ஆட்டம் தெரிகிறதா, விரிசல் வாய் திறந்து மூடுகிறதா என்று கவனியுங்கள். விரிசல் உள்ள பக்கத்துப் பிடிக்கட்டையை மட்டும் பெருவிரலால் அழுத்துங்கள். கிறீச்சென்ற ஒலி வந்தால் அந்தக் கட்டை ரிவிட்டில் நிற்கவில்லை என்று பொருள். நல்ல வெளிச்சத்தில், ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டு குறைகளையும் படம் எடுத்து வையுங்கள். எதையும் வெட்டிப் பார்க்காதீர்கள். கார்பன் எஃகில் ஒரே ஒரு மாங்குச்சியை வெட்டினாலும் பாலின் அமிலம் கறையை விட்டுவிடும். அதன்பின் அது புதிய கத்தி இல்லை.

பாலக்கோடு பட்டறை:

தம்பி சொன்ன சோதனைகள் சரியானவை. ஆனால் முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் வீட்டில் அரிவாளும் கொடுவாளும் தலைமுறையாக அடித்து வந்திருக்கிறோம். பிடி என்பது எப்படியும் தேய்ந்து மாறக்கூடிய உறுப்பு, அலகுதான் சொத்து. பதம் சரியாக ஏறிய அலகு கையில் கிடைத்துவிட்டால், பிடியைக் காரணம் காட்டி அதை அனுப்பிவிட்டு, பதம் தவறிய வேறொன்றை வாங்கிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புளியங்கட்டையோ நன்கு உலர்ந்த கருவேலங்கட்டையோ போட்டு, பித்தளைக் கம்பியால் ரிவிட் அடித்தால் பழைய பிடியைவிட நீடித்து உழைக்கும். தருமபுரிப் பக்கம் புளியங்கட்டைக்குப் பஞ்சமும் இல்லை. ஆகவே விற்பனையாளரிடம் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டுவிட்டு, கத்தியை வைத்துக்கொள்வதே என் யோசனை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரிவாளுக்குப் பிடி போடுவதும் மடக்குக்கத்திக்குப் பிடி போடுவதும் ஒரே வேலை அல்ல. மடக்குக்கத்தியின் முன் ரிவிட், பிடியைப் பிணைக்கும் ஆணியாகவும் அலகு சுழலும் அச்சாகவும் இருக்கிறது. அதை இறுக்கி அடித்தால் அலகு மடங்காது, தளர விட்டால் ஆடும்; இடையில் மெல்லிய தாளை வைத்து அடித்து, பிறகு தாளை உருவி எடுத்து அளவு பார்ப்பது போன்ற நுணுக்கம் தெரிந்த கை வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அந்தக் கை இருக்காது. விரிசல் பின் ரிவிட்டில் இருந்திருந்தால் நான் இன்னும் அடித்துப் பேசியிருப்பேன்.

சந்தூர் ஒட்டுக்காரர்:

ஒட்டுக் கட்டுபவன் என்ற முறையில் ஒரே ஒரு செய்தி. குச்சியை ஆப்பு வடிவில் சீவும்போது வெட்டு ஒரே இழுப்பில், சமதளமாக அமைந்தால்தான் வேர்ச்செடியின் பட்டையோடு பட்டை ஒட்டிச் சேரும். பிடி இம்மியளவு அசைந்தாலும் வெட்டில் மேடு பள்ளம் விழும், இடையில் காற்றுப் புகுந்து ஒட்டு கருகிவிடும். மழை ஈரத்தில், பெருவிரல் அலகுக்கு நேர் எதிரே இருக்க, நாள் முழுவதும் செய்கிற வேலை இது. ஆடும் பிடியை நம்பி விரலை வைக்க முடியாது. போதாததற்கு, செடிக்குச் செடி அலகை ஸ்பிரிட்டில் துடைக்கிறோம். அது விரிசலுக்குள் இறங்கி மெருகைக் கரைத்துவிடக்கூடும். மாற்றுக் கத்தி வரும்வரை, மென்தண்டு ஒட்டுக்கு, அதாவது இளந்தண்டைப் பிளந்து குச்சியைச் செருகிக் கட்டும் முறைக்கு, புதிய ஷேவிங் பிளேடே போதும். இங்கே பலரும் அதைக் கொண்டுதான் கட்டுகிறார்கள். பருவம் தவறிவிடுமோ என்ற கவலையை விட்டுவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

தருமபுரி நுகர்வோர்:

பட்டறை ஐயா சொன்ன பகுதித்தொகை யோசனையில் ஓர் இடர் இருப்பதால் எழுதுகிறேன். பகுதித்தொகையை ஏற்றுக்கொண்டால், குறையைத் தெரிந்தே சம்மதித்து வைத்துக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளப்படலாம். பிறகு விரிசல் நீண்டு கட்டை பிளந்தால் மறுபடியும் போய்க் கேட்பது கடினம். பட்டறையில் ரிவிட்டைக் கழற்றிவிட்டால், உத்தரவாதம் என்று ஏதாவது இருந்தாலும் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை ஆகும். இணைய வணிகத்துக்கென 2020இல் வந்த விதிகளும், சந்தைத் தளங்களில் விற்பவர் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. விற்பனையாளர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். இத்தகைய சிறு தொகைகளுக்குப் பெரும்பாலும் அதுவே போதுமானது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்றாலும், 1,450 ரூபாய்க் கத்திக்காக அங்கே அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில், பலர் அவசரத்தில் ‘பிடிக்கவில்லை’ அல்லது ‘தேவையில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அனுப்பும் செலவு நம் தலையில் விழலாம், கோரிக்கையே மறுக்கப்படவும் கூடும். ‘பொருள் குறைபாடுடன் வந்தது’ என்பதையே தேர்ந்தெடுத்து, விரிசல் எந்த ரிவிட்டில் தொடங்கி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை இரண்டு வரியில் எழுதி, படங்களை இணையுங்கள்.

காவேரிப்பட்டணம் நாற்றங்கால்:

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஓசூர் நண்பர் சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். அலகை அசைத்தபோது மூட்டில் ஆட்டம் தெரியவில்லை; பித்தளைத் தகடு அதைத் தாங்குகிறது என்று நினைக்கிறேன். ஆனால் கட்டையைப் பெருவிரலால் அழுத்தினால் விரிசல் வாய் திறப்பது கண்ணுக்கே தெரிகிறது, மெல்லிய ஒலியும் வருகிறது. எனக்கு ஐயம் தீர்ந்துவிட்டது. பட்டறை ஐயாவின் வாதம் மனத்தைக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது, ஏனென்றால் அலகு அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆயினும் அச்சு ரிவிட்டைக் கழற்றிச் சீராக மறுபடி அடிக்கும் கை எங்கள் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்காமல், அதே கத்திக்கு மாற்றுத்தான் கேட்டிருக்கிறேன். வருவதிலும் ரிவிட்டைச் சுற்றி விரிசல் இருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு, நைலான் பிடி போட்ட கத்திக்கு மாறிவிடலாம் என்று எண்ணுகிறேன். அதைப் பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா?

ஓசூர் கத்திப்பிரியன்:

நல்ல முடிவு. நைலான் பிடியைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் தன் ஒட்டுக்கத்திகளில் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஈரத்துக்கும் ஸ்பிரிட்டுக்கும் அது அசையாது. ஜெர்மனியின் டீனா நிறுவனம் வால்நட் மரப் பிடியோடு செய்கிறது, கையில் அமர்வதில் அதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம், ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். மரம்தான் வேண்டும் என்றால், மாற்றுக் கத்தி வந்தவுடன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூன்று ரிவிட்டுகளையும் இருபுறமும் பாருங்கள். அதன்பின் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவி, உலரவிட்டு, மறுபடியும் தடவுங்கள். எண்ணெய் ஊறிய மரம் ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கும். திருப்பி அனுப்பும் கத்தியை மடக்கி, தடித்த அட்டையில் சுற்றி, அசையாதபடி கட்டி அனுப்புங்கள். எடுத்துச் செல்ல வருபவர் முன்னிலையிலேயே பொதியைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பாலக்கோடு பட்டறை:

முடிவு உங்களுடையது, அதில் தவறு காண மாட்டேன். மாற்றாக வரும் கத்தியின் அலகை மட்டும் முதல் நாளே காகிதத்தில் இழுத்துப் பாருங்கள். வாய் முழுவதும் ஒரே சீராக அறுக்கவில்லையென்றால் கெடுவுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். பிடியில் குறை இல்லை என்ற மகிழ்ச்சியில் அதைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம்.