ஸ்விஃப்ட் டீசலுக்கு கோன் ஃபில்டர் போட்டா உண்மையிலேயே பவர் ஏறுமா?

பொள்ளாச்சி டீசல்:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட 2014 ஸ்விஃப்ட் டீசல் இருக்கு, 1.3 லிட்டர் இன்ஜின், 1,20,000 கிமீ ஓடியாச்சு. மாசத்துக்கு ரெண்டு தடவையாச்சும் ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுவேன், 40 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர்ல 2000 ஆர்பிஎம்முக்கு கீழ வந்துட்டா வண்டி அப்படியே படுத்துக்குது, நாலு மாசமா இன்னும் மோசம். கோயமுத்தூர்ல ஒரு கடையில கோன் ஃபில்டர் (கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் பதிலா வைக்கிற கூம்பு மாதிரி ஃபில்டர்) போட்டா 10 குதிரை கூடும்ங்கறாங்க, 7000 ரூபா. போடலாங்களா?

ஸ்பேனர் அண்ணன்:
தம்பி, காசை கையிலயே வச்சுக்கோங்க. பெட்ரோல் வண்டியில த்ராட்டில்தான் காத்தை கட்டுப்படுத்துது. டீசல்ல ஆக்ஸிலேட்டர் மிதிச்சா கூடுறது டீசலோட அளவுதான், காத்து எப்பவும் தேவைக்கு மேலயே உள்ள போயிட்டிருக்கு. எவ்வளவு தெளிக்கணும்ங்கற கணக்கு ஈசியூல, அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்ல இருக்கு, ஃபில்டரை மாத்துனா அது மாறாது. காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற டர்போவோட விசில் சத்தம் நல்லா கேக்கும், அதுல வண்டி பறக்குற மாதிரி தோணும், அவ்வளவுதான். இன்னொண்ணு, கம்பெனி பாக்ஸ் முன்பக்கத்துல இருந்து குளிர்ந்த காத்தை இழுக்குது, பானட்டுக்குள்ள தொறந்து வச்ச கோன் இன்ஜின் சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும், மலை ஏறும்போது அது இன்னும் கெடுதல். உங்க வண்டிக்கு 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை) வர்றதே 2000 ஆர்பிஎம்ல, அதுக்குக் கீழ டல்லா இருக்கறது அந்த இன்ஜினோட சுபாவம். ஆனா திடீர்னு மோசமாச்சுன்னா வேற ஏதோ இருக்கு. கரும்புகை வருதா? டர்போ காத்தை குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸை கழட்டி வளைச்சுப் பாருங்க, கீறல் இருந்தா காத்து வெளிய போயிரும்.

கரூர் ராஜா:
நான் போட்டுப் பட்டவன், அதனால சொல்றேன். வேற டீசல் வண்டி, எண்ணெய் தடவுன காட்டன் ஃபில்டர். எங்க ஊர்ல கல்குவாரி ரோடு, எட்டு மாசம் கழிச்சு ஃபில்டருக்கு அந்தப்பக்கம் இருக்கற பைப்புக்குள்ள விரலை விட்டு தடவுனேன், மாவு மாதிரி சாம்பல் கலர் தூசி ஒட்டிட்டு வந்துச்சு. அந்தத் தூசி நேரா டர்போ பிளேடுக்கும் பிஸ்டன் ரிங்குக்கும்தான் போகும், நெனச்சாலே வயிறு எரியுது. போதாததுக்கு கழுவி எண்ணெய் கொஞ்சம் கூடுதலா தடவிட்டேன், காத்தை அளக்குற சென்சார் கம்பியில அது படிஞ்சு இன்ஜின் லைட் எரிஞ்சிருச்சு. பேப்பர் ஃபில்டருக்கே திரும்பிட்டேன், பிக்கப்ல எந்த வித்தியாசமும் தெரியல.

டர்போ பிரியன்:
ஒரேயடியா வேஸ்ட்னு சொல்லிட முடியாது நண்பர்களே. ரீமேப் பண்ணி, அதாவது ஈசியூ கணக்கையே மாத்தி, டீசலையும் பூஸ்டையும் (டர்போ அழுத்தத்தையும்) நல்லா ஏத்துனவங்களுக்கு அதிகக் காத்து தேவைப்படும், அப்ப பாக்ஸோட ஃப்ரீ ஃப்ளோ ஃபில்டர் (காத்தை லேசா விடுற ஃபில்டர்) போடுறது அர்த்தமுள்ளது. எதையும் மாத்தாத ஸ்டாக் வண்டிக்கு வேண்டாம்.

பொள்ளாச்சி டீசல்:
அண்ணே, ரொம்ப நன்றிங்க! ஹோஸை கழட்டிப் பாத்தோம், கிளாம்புக்குப் பக்கத்துல அடிப்பக்கமா ஒரு விரக்கடை நீளத்துக்கு கீறல், சும்மா பாத்தா தெரியல, அமுக்குனாத்தான் வாய் தொறக்குது, சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. புது ஹோஸும் கம்பெனி பேப்பர் ஃபில்டரும் போட்டாச்சு. நேத்து வால்பாறை போயிட்டு வந்தேன், 2000க்குக் கீழ இன்னும் கொஞ்சம் டல்தான், ஆனா வளைவுல மிதிச்சா பழையபடி இழுக்குது, பின்னாடி கரும்புகையும் இல்ல.

ஸ்பேனர் அண்ணன்:
சந்தோஷம் தம்பி. கிளாம்பை 500 கிமீ ஓடுனப்புறம் ஒரு தடவை டைட் பண்ணிருங்க.