கண்டன்சர் ஃபேனுக்கு விஎஃப்டி போட்டபின் ஹெட் பிரஷரும் யூனிட் கணக்கும் பொருந்தவில்லை

காட்பாடிக்காரன்:
வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ். ஆர்-404ஏ கேஸில் ஓடும் ரேக், இரண்டு கம்ப்ரசர், மாடியில் ஏர் கூல்டு கண்டன்சர், ஆறு ஃபேன். முன்பு ஃபேன்கள் இரண்டிரண்டாக ஏறி இறங்கும். இப்போது ஆறையும் ஒரே விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) சேர்த்து, ரேக் கன்ட்ரோலரின் 0-10 வோல்ட் அவுட்புட்டில் ஓட்டுகிறோம். கண்டன்சிங் (கேஸ் திரவமாகும் வெப்பநிலை) செட்பாயின்ட் 35 டிகிரி. மூன்று தொல்லை.

மதியம் இரண்டு மணி வாக்கில் ஹெட் பிரஷரை (கண்டன்சர் பக்கத்து பிரஷர்) கேஜ் 21.8 பார்தான் காட்டுகிறது. கன்ட்ரோலர் 24.4 என்று படித்து, ஹெச்பி (ஹை பிரஷர்) லிமிட் 24-ஐத் தாண்டிவிட்டதென்று ஒரு கம்ப்ரசரை இறக்கிவிடுகிறது. சாயங்காலம் கேஜில் 17.3 இருக்கும்போது அதில் 19.2.

இரவில் ஃபேன் ஒரு நிலையில் நிற்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் வரை போய், இரண்டே நிமிடத்தில் நின்று, மறுபடி கிளம்புகிறது.

அடுத்தது யூனிட் கணக்கு. 200/5 சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போட்ட சப் மீட்டரின் பல்ஸ் கன்ட்ரோலருக்கு வருகிறது. ஒரு நாளில் மீட்டரில் ஏறியது 612 யூனிட், கன்ட்ரோலரில் 19.1. பல்ஸ் அவுட்புட் யூனிட்டுக்கு 1000 என்று மீட்டரில் அச்சடித்திருக்கிறது, அதையே போட்டிருக்கிறேன்.

பிரஷருக்கு ஆஃப்செட் மைனஸ் 2 கொடுத்தால், அதாவது எப்போதும் 2 பார் கழிக்கச் சொன்னால், சரியாகுமா?

பாலாற்றங்கரை:
ஆஃப்செட்டைத் தொடாதீங்க. நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 17.3-ல் வித்தியாசம் 1.9, 21.8-ல் 2.6. பிரஷர் ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் ரேஞ்ச் தப்பாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரஷரை 4-20 மில்லி ஆம்ப் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 0-30 பார், கன்ட்ரோலரில் −1 முதல் 34 வரை என்று வைத்துக் கணக்குப் போட்டால் அச்சாகப் பொருந்துகிறது: 17.3 பாருக்கு 13.2 மில்லி ஆம்ப் வரும், அதை −1/34 என்று படித்தால் 19.2. லூப்பில் மல்டிமீட்டரை சீரீஸில் வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டு ரேஞ்சும் 6 பாரில் மட்டும் ஒத்துப்போகும். அதற்குக் கீழே கன்ட்ரோலர் குறைத்துக் காட்டும். மைனஸ் 2 கொடுத்தால் ஏதோ ஓர் இடத்தில் சரியாகி மற்ற இடமெல்லாம் கெடும்.

இந்தத் தப்பால் கரண்டும் வீணாகிறது. ஆர்-404ஏ-வில் கேஜ் 17.3 என்றால் 40 டிகிரி; கன்ட்ரோலர் அதை 44 என்று நம்புகிறது. நீங்கள் 35-ல் நிறுத்தச் சொன்னதை அது 32-ல் நிறுத்தப் பார்க்கும், ஃபேன் சும்மா ஓடும்.

ரேஞ்சைச் சரிசெய்த பிறகு இரவுத் தொல்லைக்கு வாருங்கள். முதலில் விஎஃப்டியின் ராம்ப் நேரம் (வேகம் ஏறி இறங்க எடுக்கும் நேரம்). 5 விநாடியில் இருந்தால் 30-க்கு ஏற்றுங்கள். குறைந்தபட்ச வேகம் 15 ஹெர்ட்ஸ், அந்த வேகத்தில் சில நிமிடம் இருந்தபின்தான் ஃபேன் நிற்க வேண்டும். ப்ரொபோர்ஷனல் பேண்ட் (எத்தனை டிகிரி வித்தியாசத்துக்குள் ஃபேன் முழு வேகத்துக்குப் போகும் என்பது) 2, 3 டிகிரி என்று குறுகலாக இருந்தால் 8-க்கு அகட்டுங்கள். ஹெட் பிரஷர் மெதுவாக நகரும் சமாச்சாரம், இன்டெக்ரல் நேரத்தை (மிச்ச வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் நேரம்) 4, 5 நிமிடத்துக்குக் கீழே குறைக்காதீங்க. ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு ராத்திரி பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஆறு ஃபேனையும் சேர்த்து மெதுவாக ஓட்டுவது நல்ல முடிவு. 60 சதவீத வேகத்தில் ஃபேன் எடுக்கும் பவர் முழு வேகத்தில் எடுப்பதில் 22 சதவீதம்தான். மூன்றை முழு வேகத்தில் ஓட்டினால் 50.

செட்பாயின்டை 35-லேயே நிறுத்தாமல் வெளி வெப்பநிலையோடு 8 டிகிரி கூட்டி மிதக்க விடலாம். கீழ் எல்லை சாதாரண எக்ஸ்பான்ஷன் வால்வு என்றால் 30. அதற்குக் கீழே போனால் வால்வுக்குத் தேவையான பிரஷர் வித்தியாசம் கிடைக்காமல், கேஸ் போதாமல் ரூம் பட்டினி கிடக்கும். மேல் எல்லையை 42-ல் கட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் வேலூரில் 41 இருக்கும்போது கூட்டினால் 49 வரும், கன்ட்ரோலர் அதற்காக ஃபேனைக் குறைக்கும். கண்டன்சிங் ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசருக்கு 2, 3 சதவீதம் கூடுதல் பவர். அந்த நேரத்தில் ஃபேனில் மிச்சம் பிடிப்பதில் புண்ணியமில்லை. வெளி சென்சார் நிழலில், காற்று உள்ளே இழுக்கும் பக்கம் இருக்கட்டும்.

குடியாத்தம்_மின்:
பல்ஸ் கணக்கில் இரண்டு தப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. 200/5 என்றால் பெருக்கல் 40. 612-ஐ 40-ஆல் வகுத்தால் 15.3. அதாவது உங்கள் மீட்டர் பல்ஸை செகண்டரி கணக்கில் (சிடியின் 5 ஆம்ப் பக்கம், 40-ஆல் பெருக்காமல்) விடுகிறது, ஒரு பல்ஸ் 0.04 யூனிட். கன்ட்ரோலர் 'யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ்' என்று கேட்டால் 25 போடுங்கள். 'ஒரு பல்ஸுக்கு எத்தனை யூனிட்' என்று கேட்டால் 0.04. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீங்க.

ஆனால் அதோடு முடியவில்லை. 15,300 பல்ஸ் வர வேண்டிய இடத்தில் 19,100 வந்திருக்கிறது. பெருக்கலை மட்டும் சரிசெய்தால் 764 யூனிட் காட்டும். அந்த 3,800 பல்ஸ் விஎஃப்டி கிளப்பும் மின் நாய்ஸாகத்தான் இருக்கும். ஃபேனை ஒரு மணி நேரம் பைபாஸில் (விஎஃப்டி இல்லாமல் நேர் சப்ளையில்) ஓட்டி, மீட்டரையும் கவுன்ட்டையும் ஒப்பிடுங்கள். பொருந்திவிட்டால் சந்தேகமே இல்லை.

பல்ஸ் ஒயர் விஎஃப்டியின் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகிறதா பாருங்கள். முறுக்கிய ஷீல்டு கேபிள் போட்டு, ஒரு அடியாவது தள்ளி, குறுக்கே போகும் இடத்தில் நேர்குறுக்காக விடுங்கள். ஷீல்டை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். பிறகு மீட்டரில் பல்ஸ் அகலம் 100 மில்லி விநாடி, கன்ட்ரோலர் இன்புட் ஃபில்டர் 50. உங்கள் லோடு சராசரி 25 கிலோவாட், ஐந்தாறு விநாடிக்கு ஒரு பல்ஸ்தான் வரும், அதனால் அகலம் கூட்டினால் எதுவும் விட்டுப்போகாது. கவுன்ட்டர் இன்புட் இல்லாமல் சாதாரண அலாரம் இன்புட்டில் சேர்த்திருந்தால் அது 100 மில்லி விநாடியைப் பார்க்காமலே விட்டுவிடும், அதையும் கவனியுங்கள்.

பல்ஸ் அவுட்புட் ஐஇசி 62053-31 படி உள்ள டிரான்சிஸ்டர் வகை என்றால் பிளஸ் மைனஸ் உண்டு. 27 வோல்ட், 27 மில்லி ஆம்ப்தான் தாங்கும். 230 வோல்ட் இன்புட்டில் சேர்த்தால் போய்விடும்.

சிடிக்கு முன்னால் ஃபேன் சப்ளை பிரிந்து போகிறதா? அப்படியிருந்தால் ஃபேன் மிச்சம் இந்த மீட்டரில் தெரியவே தெரியாது.

காட்பாடிக்காரன்:
டிரான்ஸ்மிட்டரில் 0-30 என்றே இருக்கிறது. கன்ட்ரோலரில் −1, 34. மாற்றியதும் கேஜும் டிஸ்ப்ளேயும் ஒன்றாகிவிட்டன. பல்ஸ் ஒயர் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில்தான் போகிறது, ஞாயிறு பிரிக்கிறோம். சிடி மெயினில் இருக்கிறது, ஃபேனும் அதற்குள் வரும். மதியத்தில் கண்டன்சர்மேல் போர் தண்ணீர் தெளிக்கலாமா?

பாலாற்றங்கரை:
போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் நிறைய போர்களில் உப்பு அதிகம். தெளித்தது காய்ந்ததும் ஃபின் இடுக்கில் வெள்ளையாகப் படியும், அடுத்த கோடையில் காற்றே போகாது. ஃபின்னில் அடைந்த தூசியை, காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில், பிரஷர் குறைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இரண்டு விஷயம் கூடுதலாக. பைபாஸில் போட்டதும் ஃபேன் சுற்றும் திசையைப் பாருங்கள். விஎஃப்டியில் சரியாக ஓடுவது பைபாஸில் பேஸ் மாறி தலைகீழாகச் சுற்றலாம். காற்று கொஞ்சம் வரும், ஆனால் பிரஷர் ஏறிக்கொண்டே இருக்கும். அதேபோல 0-10 வோல்ட் ஒயர் அறுந்தால் விஎஃப்டி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஃபேனை நிறுத்திவிடும். கன்ட்ரோலர் சிக்னலை 2-10 வோல்ட்டாக மாற்றி, விஎஃப்டியில் 'சிக்னல் போனால் 50 ஹெர்ட்ஸ்' என்று வையுங்கள். ஆறு மோட்டாருக்கும் தனித்தனி ஓவர்லோடு ரிலே இருக்க வேண்டும். ஒரு மோட்டார் இறுகினால் பெரிய விஎஃப்டிக்கு அது தெரியாது.