ரொவெரேட்டோ கோட்டை: வீட்டுக்காரப் பாட்டியின் தாத்தா ஏன் ஆஸ்திரியச் சீருடையில் இருக்கிறார்?

லேனோக்கரை:

வணக்கம். படிப்புக்காக வடக்கு இத்தாலிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ரொவெரேட்டோவில் ஒரு பாட்டி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் லேனோ ஆறும் அதற்கு மேலே கோட்டையும் தெரியும். போன ஞாயிறு அங்கே போனேன். உள்ளே முழுக்கப் போர் அருங்காட்சியகம். பெயரே 'இத்தாலியப் போர் வரலாற்று அருங்காட்சியகம்' என்றுதான் இருக்கிறது.

திரும்பி வந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு பழைய படத்தை எடுத்து வந்து, "இது என் தாத்தா, அந்தப் போரில் இருந்தவர்" என்றார். படத்தில் இருப்பவர் போட்டிருப்பது ஆஸ்திரியப் பேரரசின் சீருடை. முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் எதிரிகள் இல்லையா? இவர்கள் வீட்டில் இத்தாலியன்தான் பேசுகிறார்கள், குடும்பப் பெயரும் இத்தாலியப் பெயர். என் இத்தாலியன் இன்னும் மழலை நிலையில் இருப்பதால் மேலே கேட்க முடியவில்லை. இந்தக் கோட்டையின் கதையும் அந்தப் படத்தின் கதையும் எப்படிச் சேர்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்செமினோ:

தம்பி, நான் 9 வருடமாக அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறேன். ரொவெரேட்டோவுக்குத் தெற்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை. புதுக் கொடிக்குக் குழி தோண்டும்போது இன்னமும் துருப்பிடித்த முள்கம்பி வரும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ பழைய வேலிக்கம்பி என்று ஓரமாகப் போட்டேன். தோட்டக்காரர் அதை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் இந்த ஊர்க் கதையைக் கேட்க ஆரம்பித்தேன்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: 1918 வரை ரொவெரேட்டோ இத்தாலியில் இல்லை. ட்ரெண்டோ, ரொவெரேட்டோ எல்லாம் ஆஸ்திரியப் பேரரசின் டிரோல் பகுதி. மக்கள் பேசியது இத்தாலியன், ஆண்டது வியன்னா. 1914 ஆகஸ்டில் போர் வந்ததும் அந்தப் பேரரசின் குடிமக்கள் என்பதால் இவர்களுக்கும் படையில் சேரச் சொல்லி ஓலை வந்துவிட்டது. ட்ரெண்டோ பகுதியிலிருந்து மட்டும் 55,000 பேருக்கு மேல் ஆஸ்திரியப் படையில் போனார்கள். பெரும்பாலோரை அனுப்பியது கலீசியாவுக்கு. இன்றைய போலந்து, உக்ரைன் எல்லைப் பக்கம். ரஷ்யப் படைக்கு எதிரே. 11,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. பாட்டியின் தாத்தா அந்த 55,000 பேரில் ஒருவராக இருக்க வேண்டும்.

அவர்கள் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியா மேல் போர் தொடுத்தது. போர்முனை ரொவெரேட்டோவுக்குத் தெற்கே, ஊரை ஒட்டியே வந்து நின்றது. ஊரைக் காலி செய்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லாரையும் ரயிலில் ஏற்றி ஆஸ்திரியாவின் உட்பகுதிக்கு அனுப்பினார்கள். மிட்டெர்ன்டோர்ஃப் என்ற இடத்தில் மரக்கொட்டகை முகாம். ஆண்கள் ரஷ்யப் பனியில், குடும்பம் முகாமில், வீடு பீரங்கி வாயில். இதை யோசித்தால் எனக்கு இன்றும் வேலை ஓடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இத்தாலியோடு சேர வேண்டும் என்று எல்லை தாண்டிப் போய் இத்தாலியப் படையில் சேர்ந்தவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். ரொவெரேட்டோக்காரர் தமியானோ கியேசா பிடிபட்டு 1916 மே மாதம் ட்ரெண்டோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கேயே வளர்ந்த ஃபாபியோ ஃபில்சியை அதே ஆண்டு ஜூலையில், இதேபோல இத்தாலியப் படையில் சேர்ந்த ட்ரெண்டோ அரசியல்வாதி செசாரே பட்டிஸ்டியோடு தூக்கிலிட்டார்கள். ஆஸ்திரியாவுக்கு இவர்கள் துரோகிகள், இத்தாலிக்குத் தியாகிகள்.

போர் முடிந்து ஊர் இத்தாலியின் கைக்கு வந்த பிறகு, 1921 அக்டோபரில் மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே முன்னிலையில் கோட்டையில் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜெயித்தவர்கள் திறந்தது, அதனால் பெயர் அப்படி. கியேசாவுக்கும் ஃபில்சிக்கும் அதில் மரியாதையான இடம் கிடைத்தது. கலீசியாவில் செத்தவர்களுக்கு ரொம்ப காலம் கிடைக்கவில்லை. பின்னாளில்தான் அவர்கள் எழுதிய டைரிகளையும் கடிதங்களையும் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தார்கள். பெரும்பாலும் விவசாயிகளும் கூலிக்காரர்களும் எழுதியவை. என்னைக் கேட்டால் அங்கே இருக்கிற எந்த பீரங்கியையும்விட அவைதான் முக்கியம்.

கல்தச்சன்:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கட்டடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், நான் சிவில் ஆள்.

14-ஆம் நூற்றாண்டில் காஸ்தெல்பார்கோ என்ற உள்ளூர்ப் பிரபுக்கள் கட்டியது இது. 1416-இல், அப்போது தனிக் குடியரசாக இருந்த வெனிஸ் கைப்பற்றியது. 1487-இல் டிரோலை ஆண்ட சிகிஸ்முண்டின் படை முற்றுகையிட்டுப் பீரங்கியால் அடித்ததில் கோட்டை பலமாகச் சேதமானது. அதற்கப்புறம் வெனிஸ்காரர்கள் மறுபடி கட்டியதைத்தான் நீங்கள் ஜன்னலில் பார்க்கிறீர்கள். நன்றாகக் கவனியுங்கள்: கோபுரங்கள் குட்டையாக, உருண்டையாக, தடியாக இருக்கும். உயரமான சதுரக் கோபுரம் அம்புக்கும் ஏணிக்கும் சரி. பீரங்கிக் குண்டு பட்டால் மூலை பெயர்ந்து சரிந்துவிடும். வளைந்த தடிச்சுவரில் குண்டு வழுக்கிப் போகும். பீரங்கியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறைக் கோட்டைகளில் இது ஒன்று. மலிபியேரோ, மரினோ என்று கோபுரங்களுக்கு இருப்பதெல்லாம் வெனிஸ் பெயர்கள். 1509-இல் வெனிஸ் விட்டுப் போய், பேரரசர் மாக்சிமிலியன் கைக்கு வந்தது.

முதல் உலகப் போர் பீரங்கிகளைத் தனியாக, பாறையைக் குடைந்த ஒரு பழைய வான்தாக்குதல் பதுங்கிடத்தில் வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

மார்செமினோ:

மலிபியேரோ கோபுரம் என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி, ராத்திரி மணிச்சத்தம் கேட்கிறதா? எண்ணிப் பாருங்கள், நூறு அடி.

அந்தோனியோ ரொஸ்ஸாரோ என்று இந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர், போரில் இறந்த எல்லாருக்குமாக ஒரு மணி வார்க்க வேண்டும் என்று கிளம்பினார். போரிட்ட 19 நாடுகளிடம் பீரங்கி வெண்கலம் கேட்டு வாங்கினார். வென்றவர்களும் கொடுத்தார்கள், தோற்றவர்களும் கொடுத்தார்கள். 1924-இல் ட்ரெண்டோவில் வார்த்து, 1925-இல் மலிபியேரோ கோபுரத்தில் ஏற்றினார்கள். பெயர் மரியா தோலென்ஸ், துயருறும் மரியா. கீழே ஒரு தரப்பின் போர்ப் பெருமை, அதே கோட்டையின் தலையில் இரு தரப்புப் பிணங்களுக்கும் சேர்த்து ஒரு மணி. அந்த நாட்களிலேயே ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

1939-இல் மறுபடி வார்த்தார்கள். 1960-இல் விரிசல் விட்டதால் 1964-இல் மூன்றாம் முறை. இப்போதிருக்கும் மணியின் எடை 226 குவிண்டால். 1965-இல் போப் ஆறாம் பால் ஆசீர்வதித்த பிறகு கோட்டைக்குப் போகவில்லை, ஊருக்கு மேலே மிராவல்லே குன்றில் வைத்தார்கள். அங்கிருந்துதான் தினமும் அடிக்கிறது. நான் தோட்டத்திலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம். நூறு முடியும் வரை வீட்டில் டிவி போடுவதில்லை.

லேனோக்கரை:

அண்ணா, கல்தச்சன் சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மணிச்சத்தம் தினமும் கேட்கிறது. ஏதோ கோயில் வழிபாட்டு மணி என்று நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி உங்கள் பதிலை வைத்துக்கொண்டு பாட்டியிடம் "கலீசியா?" என்று ஒரே வார்த்தை கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் படத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் நான்கு வரி. அதில் 1915 என்ற எண் மட்டும் எனக்குப் புரிந்தது. அவருடைய அம்மா காலத்தில் இந்தப் படம் சுவரில் இருந்ததே இல்லையாம், துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் இருந்ததாம். மெதுமெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு என்னோடு வருகிறேன் என்றார். படத்தையும் எடுத்து வருவாராம், அங்கே யாராவது அந்த நான்கு வரியைப் படித்துச் சொல்வார்களா என்று கேட்கப் போகிறோம். கோட்டை ஏற்றத்தில் அவர் ஏறுவாரா என்றுதான் கவலை. லேனோ பாலத்துப் பக்கமாகப் போனால் ஏற்றம் குறைவா? அல்லது வேறு வழி இருக்கிறதா?