எக்ஸ்எஸ்எல்டி: மூன்று ஸ்டைல்ஷீட்களின் தோற்ற விதிகளை ஒரே இடத்தில் வைப்பது எப்படி?

சுவடிப்பித்தன்:

வணக்கம். பழைய செய்யுள் நூல் ஒன்றை உரையோடு டிஇஐ முறையில் (நூல்களை எக்ஸ்எம்எல்லில் குறியிடும் முறை) குறியிட்டு, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவங்களாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0 கொண்டு இணையப் பக்கங்களாக மாற்றி வருகிறேன். செய்யுள், உரை, சொல்லடைவு என மூன்று வகைப் பக்கங்கள். வகைக்கு ஒரு ஸ்டைல்ஷீட், அதாவது மாற்றும் விதிகள் அடங்கிய கோப்பு. நிறம், எழுத்தளவு, வரி இடைவெளி எல்லாம் அந்தந்த உறுப்புக்கான விதியான டெம்ப்ளேட்டிலேயே 'ஸ்டைல்' பண்பாக எழுதப்பட்டிருக்கின்றன. உரையின் வெளிர்பழுப்பு கைப்பேசியில் படிக்க முடியவில்லை என்று வாசகர்கள் சொல்கிறார்கள். அந்த ஒரு நிறத்தை மாற்ற மூன்று கோப்புகளையும் துழாவ வேண்டியிருக்கிறது.

பொதுவான டெம்ப்ளேட்களைத் தனிக்கோப்பு ஒன்றுக்கு நகர்த்தி, மூன்றிலும் இம்போர்ட் (இறக்குமதி) செய்தேன். செய்யுள் பக்கம் சரியாக வருகிறது. உரைப் பக்கத்தில், உரையைக் குறிக்கும் 'நோட்' உறுப்பு பழைய நிறத்திலேயே நிற்கிறது. பொதுக்கோப்பில் அதன் டெம்ப்ளேட்டின் பிரயாரிட்டியை (முன்னுரிமை எண்ணை) 10 ஆக்கியும் அசையவில்லை. சொல்லடைவோ பிழை காட்டி நின்றுவிடுகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

கோப்புக்காவலர்:

சொல்லடைவுக் கோப்பில் இம்போர்ட் வரிக்கு மேலே 'அவுட்புட்' அல்லது 'வேரியபிள்' வரி ஏதாவது இருக்கிறதா? மேல்மட்ட உறுப்புகளில் இம்போர்ட்தான் முதலில் வர வேண்டும். கோப்பை அப்படியே உள்ளே சேர்க்கும் இன்க்ளூடுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

உரைப் பக்கத்தின் சங்கதி வேறு. அந்தக் கோப்பிலேயே 'நோட்'டுக்கு ஒரு டெம்ப்ளேட் இன்னும் இருக்க வேண்டும். முன்னுரிமைப் படியில் இம்போர்ட் செய்கிற கோப்பு எப்போதும் மேலே. இம்போர்ட் ஆகிற கோப்பு அதற்குக் கீழே. ஒரே படியில் உள்ள டெம்ப்ளேட்களுக்குள் மோதல் வந்தால்தான் பிரயாரிட்டி எண்ணுக்கு வேலை. ஆகவே 10 அல்ல, 1000 போட்டாலும் பொதுக்கோப்பு தோற்கத்தான் செய்யும்.

சுவடிப்பித்தன்:

அவுட்புட் வரிக்கு மேலே இம்போர்ட்டை ஏற்றியதும் சொல்லடைவு ஓடிவிட்டது. மிக்க நன்றி. உரைக்கோப்பின் 'நோட்' டெம்ப்ளேட்டை நீக்க வழியில்லை. உரையாசிரியரின் பெயரை முன்னால் சேர்ப்பது அதுதான்.

கோப்புக்காவலர்:

நீக்க வேண்டாம். அதில் பெயரை எழுதும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் 'அப்ளை-இம்போர்ட்ஸ்' எழுதுங்கள். அதே உறுப்பு பொதுக்கோப்பின் டெம்ப்ளேட்டுக்குப் போய்விடும்.

நெசவுக்காரி:

இத்தோடு நின்றுவிடாதீர்கள். இப்போது நிறம் ஒரே கோப்பில் இருப்பது உண்மை. ஆனால் அது எக்ஸ்எஸ்எல்டி கோப்பு. நாளை நிறத்தைச் சற்று அடர்த்தியாக்க நினைத்தால் எல்லாப் பக்கங்களையும் மறுபடி உருவாக்க வேண்டும். 'இது உரை', 'இது அடி' என்று சொல்வதோடு எக்ஸ்எஸ்எல்டியின் பொறுப்பு முடிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 'நோட்' வந்தால் 'உரை' என்ற கிளாஸோடு (வகைப்பெயரோடு) ஒரு 'டிவ்'. செய்யுளடியைக் குறிக்கும் 'எல்' வந்தால் 'அடி' என்ற கிளாஸ். அவ்வளவுதான். நிறமும் இடைவெளியும், தோற்ற விதிகளுக்கே உரிய ஒரே சிஎஸ்எஸ் கோப்புக்குப் போகட்டும். கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், சிஎஸ்எஸ் ஏற்றுக்கொள்ளும். கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். பழைய 'ஸ்டைல்' பண்புகளை ஒன்றுவிடாமல் களையுங்கள். வெளிக்கோப்பின் சாதாரண விதியை உறுப்பின் மேலேயே எழுதிய விதி வென்றுவிடும். ஒன்று தங்கிவிட்டாலும் 'சிஎஸ்எஸ் வேலை செய்யவில்லை' என்று நாள் முழுக்கத் தேட நேரும்.

பழைய அச்சு:

அட்ரிப்யூட்-செட் இருக்கிறதே? தோற்றப் பண்புகளை ஒரு பெயரில் தொகுத்து, வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். இம்போர்ட் செய்யும் கோப்பில் அதே பெயரில் இன்னொன்று எழுதினால் இரண்டும் இணையும். மோதினால் மேலே உள்ளது வெல்லும்.

நெசவுக்காரி:

அச்சுப் பக்கங்களுக்கான வடிவமான எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்றால் அதுவே சரியான கருவி, ஐயா. அங்கே ஒட்டிக்கொள்ள வெளி சிஎஸ்எஸ் கோப்பு இல்லை. டாக்புக் என்ற ஆவணக் குறியீட்டு முறையின் அச்சு ஸ்டைல்ஷீட்கள் அட்ரிப்யூட்-செட்களையே நம்பியிருக்கின்றன. இணையப் பக்கத்துக்கு வந்தால், அதே டாக்புக் சிஎஸ்எஸ் கோப்பின் பெயரை ஒரு பாராமீட்டரில் (வெளியிலிருந்து தரும் மதிப்பில்) வாங்கிக்கொள்கிறது. சுவடிப்பித்தன் அதைப் பின்பற்றலாம். உள்கோப்புறையில் விழும் பக்கங்களில் சிஎஸ்எஸ் இணைப்பு அறுந்துபோகும். 'வேர்' என்று ஒரு பாராமீட்டர் வைத்து, ஓட்டும்போது அதன் வழியாகப் பாதையைக் கொடுங்கள்.

சுவடிப்பித்தன்:

கிளாஸுக்கு மாற்றிவிட்டேன். நிறத்தை இப்போது ஒரே வரியில் மாற்ற முடிகிறது. கூ, கீ போன்றவற்றின் குறிகள் அடுத்தடுத்த வரிகளில் இடிக்காதபடி வரி இடைவெளியையும் அங்கேயே 1.8 ஆக்கினேன். ஒன்று மட்டும் மிச்சம்: சொல்லடைவின் தலைப்பகுதியில் உள்ள 'ஸ்டைல்' உறுப்பில் பெரியது என்ற குறி (>), 'ஆம்பர்சண்ட்-ஜிடி' (>) என்று மாறி வெளிவருகிறது. அந்த விதி செயல்படவில்லை. அவுட்புட் முறை எச்டிஎம்எல் என்றுதான் இருக்கிறது.

கோப்புக்காவலர்:

அந்த ஸ்டைல்ஷீட்டில் எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸ் (உறுப்புகள் எந்தக் குறிமொழியைச் சேர்ந்தவை என்று சொல்லும் அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0இல் எச்டிஎம்எல் முறை நேம்ஸ்பேஸ் இல்லாத உறுப்புகளைத்தான் எச்டிஎம்எல் ஆக எழுதும். மற்றவற்றை எக்ஸ்எம்எல் வழக்கப்படி எழுதிவிடும். எச்டிஎம்எல் ஆகப் படிக்கும் உலாவியோ 'ஸ்டைல்' உறுப்புக்குள் இருப்பதைப் பழைய குறியாகத் திருப்பாமல் அப்படியே எடுத்துக்கொள்கிறது. நேம்ஸ்பேஸை எடுத்தால் சரியாகும். ஆனால் அந்த விதியையும் சிஎஸ்எஸ் கோப்புக்கே அனுப்பிவிடுங்கள். அங்கே இந்தச் சிக்கலுக்கே இடமில்லை.