காமராசர் பல்கலை மதுரைக்குச் சொந்தமா, தேனி ரோட்டுக்குச் சொந்தமா?

வைகைக்கரையான்:
நேற்று இங்கே ஒருத்தர் காமராசர் பல்கலையை "மதுரை நகரத்தின் பல்கலைக்கழகம்" என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி, தேனி ரோட்டில் காளவாசல் தாண்டி, நாகமலை புதுக்கோட்டையையும் தாண்டிப் போனால்தான் வளாகம் இருக்கும் பல்கலை நகர் வரும், ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஊரோடு ஊராக வளர்ந்தவை அமெரிக்கன் கல்லூரி (1881), லேடி டோக் (1948), தியாகராசர் (1949). 1966-ல் காமராசர் பெயரில் தொடங்கிய பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலமானால் வளாகம் காலி.

கீழக்குயில்குடி:
முதலில் ஒரு திருத்தம் அண்ணே. 1966-ல் அது வெறும் மதுரைப் பல்கலைக்கழகம். காமராசர் பெயர் 1978-ல்தான் சேர்ந்தது, அவர் இறந்து மூன்று வருடம் கழித்து. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம், அடுத்து மு. வரதராசன்; இரண்டு பேருமே தமிழறிஞர்கள், சங்கம் வைத்த ஊருக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

அப்புறம், வெளியே போனது நல்லதுக்குத்தான். பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குழு பக்கத்துச் சமண மலைக் குகை வவ்வால்களை வைத்து என்ன செய்தது தெரியுமா? ஒரு வவ்வாலைப் பிடித்து, வெளிச்சமே வராத குகைக்குள் கூண்டில் தனியாக வைத்தார்கள். பொழுது சாய்ந்ததை அது பார்க்க வழியே இல்லை. ஆனாலும் குகையில் மற்ற வவ்வால்கள் இருந்தவரை, அவை கிளம்பும் நேரத்துக்கு இதுவும் சரியாகச் சிறகடித்தது. மற்றவை இல்லாதபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிக்கொண்டே போனது. 1981-ல் வெளியான ஆய்வு இது. மனிதர்களுக்கும் வளாகத்தில் ஒரு தனிமை அறை அமைத்தார்கள், கடிகாரமும் சூரியனும் இல்லாமல் நாள்கணக்கில் உள்ளே இருந்து பார்க்க. ஊருக்கு நடுவே சிம்மக்கல்லில் இடம் கொடுத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

வைகைக்கரையான்:
பெயர் விஷயம் என் தப்பு, சரி. ஆனால் தம்பி, அந்த வவ்வால் என் பக்கம்தான் பேசுகிறது! கூட்டத்தை விட்டுத் தனியாக இருந்தால் நேரம் தப்பிவிடும் என்றுதானே நானும் சொல்கிறேன். ஆய்வு நடந்ததை நான் மறுக்கவே இல்லை. அது ஊருக்குள் வந்து சேரவில்லை என்கிறேன். இதே மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் குகைக் கதை இன்றைக்குத்தான் தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர்க்காரி:
நீங்கள் ரெண்டு பேரும் கட்டடத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 1971-லேயே அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கிய இடம் அது. என் பெரியம்மா கல்யாணத்துக்கு அப்புறம், அடுப்பை அணைத்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து, தபாலில் வந்த பாடப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பி.ஏ. முடித்தார். பல்கலை நகர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. தென் மாவட்டக் கல்லூரிகள் முழுக்க அதன் கீழ் இருந்த காலமும் உண்டு. 1985-ல் காரைக்குடியில் அழகப்பா, 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் என்று வந்த பிறகுதான் எல்லை சுருங்கியது. அதை "மதுரை நகரம்" என்று அடைப்பதே தப்பு.

வைகைக்கரையான்:
அக்கா, அதைத்தானே நானும் முதலிலேயே சொன்னேன், மதுரைக்குச் சொந்தமில்லை என்று!

கீழக்குயில்குடி:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சமண மலை அடிவாரத் தாமரைக் குளத்துப் பக்கம் வந்துவிடுங்கள். இருட்டும்போது வவ்வால் கிளம்புவதைக் காட்டுகிறேன், மிச்சச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.